பிரீத்தர் ஃபில்டர் போடலாமா? ஏர் கிளீனர் பெட்டிக்குள் ஆயில் வருகிறது

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்

வணக்கம் நண்பர்களே. வண்டி 2013 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல். நான் இரண்டாவது கை. மீட்டரில் 81,000 கிலோமீட்டர். வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு 4 கிலோமீட்டர்தான். காலையில் போவது, மாலையில் வருவது, வாரத்தில் ஒருநாள் மன்னார்குடி. அவ்வளவுதான் ஓட்டம்.

பொங்கல் விடுமுறையில் ஏர் ஃபில்டரை மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஃபில்டரின் ஒரு மூலை, வடை மடித்த காகிதம் போல எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து வரும் சிறிய ரப்பர் ஹோஸ் அந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறது. ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஆயில். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். அதன் அடியில் பழுப்பும் வெள்ளையுமாக, கடைந்த வெண்ணெய் மாதிரி ஒரு பசை. ஆயிலில் கூலன்ட் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று பயந்துபோய் கூலன்ட் பார்த்தேன், அளவு குறையவில்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 3,000 கிலோமீட்டரில் அரை லிட்டர் குறைந்திருக்கிறது.

பட்டறையில் காட்டினேன். "இந்த ஹோஸைக் கழற்றிவிட்டு டேப்பட் கவர் வாயில் ஒரு குட்டி பிரீத்தர் ஃபில்டர் மாட்டிவிடலாம் சார். ஆயில் உள்ளே போகாது, பிக்கப்பும் கூடும்" என்றார். 450 ரூபாய். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, சிவப்புத் துணி மடிப்பும் குரோம் மூடியுமாக. ஆனால் கம்பெனிக்காரன் காரணம் இல்லாமலா ஒரு ஹோஸைப் போட்டிருப்பான் என்று மனம் ஒப்பவில்லை. போட்டவர்கள் சொல்லுங்கள்.


மலைக்கோட்டை 1200, திருச்சி

நான் போட்டு எட்டு மாதம் ஆகிறது சார். முன்பெல்லாம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும், அத்தனை பிசின். இப்போது உள்ளே துடைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. அழுக்குக் காற்றை எஞ்சினே திரும்பக் குடிப்பதைத் தடுக்கிறோம், இதில் என்ன கெடுதல்? ஒன்று மட்டும் கவனியுங்கள். ஹோஸைக் கழற்றினால் இன்டேக் குழாயில் ஒரு ஓட்டை மிஞ்சும், அதை மூடி கிளாம்ப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஃபில்டர் ஆகாத காற்று நேராக சிலிண்டருக்குப் போகும்.

பிக்கப் கொஞ்சம் கூடியது போலத்தான் தெரிகிறது. செக் எஞ்சின் லைட் இரண்டு முறை வந்தது, பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டியதும் போய்விட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.


பட்டறைக்காரர், கும்பகோணம்

26 வருடமாக இதே வேலை. அவசரப்பட்டு ஹோஸைக் கழற்ற வேண்டாம் சார். உங்கள் வண்டி ஒரு நோயைச் சொல்கிறது, ஃபில்டர் அதன் வாயைத்தான் மூடும்.

அடிப்படையிலிருந்து வருகிறேன். எஞ்சின் எவ்வளவு புதிதாக இருந்தாலும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே ஆயில் தங்கும் சம்ப் பக்கம் கசியும். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் ரிங்கையே செய்கிறார்கள். இந்தக் கசிவைத்தான் புளோ-பை என்கிறோம். அதில் எரிந்த புகை இருக்கும், எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், தண்ணீர் ஆவியும் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பலருக்கு இது தெரியாது. கிட்டத்தட்ட எல்லாமே சைலன்சர் வழியாகப் போய்விடும், காலையில் குழாய் நுனியில் சொட்டுகிறதே, அதுதான். ரிங் வழியாகக் கீழே இறங்குகிற சிறு பங்குதான் நம் தலைவலி.

இந்த வாயுவுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் கிராங்க் ஆயில் சீல் பிதுங்கும், டேப்பட் கவர் கேஸ்கட் வியர்க்கும், டிப் ஸ்டிக் தானாக மேலே எழும். அதனால்தான் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வழி இல்லை, இரண்டு. இங்கேதான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

ஒன்று பிசிவி வால்வு, இந்த வாயுவை ஒரே பக்கமாக விடும் சிறு வால்வு. அது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. மற்றொன்று நீங்கள் கழற்றிப் பார்த்த ஹோஸ். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஸ்லோவில் ஓடும்போதும் நிதானமாகப் போகும்போதும் மேனிஃபோல்டில் நல்ல உறிஞ்சல் இருக்கும். அது பிசிவி வழியாக உள்ளே இருக்கிற வாயுவை இழுக்கும். இழுத்த இடத்துக்குப் புதுக் காற்று வர வேண்டும் அல்லவா? அந்தப் புதுக் காற்று, ஏர் ஃபில்டரில் வடிகட்டிய சுத்தமான காற்று, வருவது உங்கள் ஹோஸ் வழியாகத்தான். அதாவது அந்த ஹோஸில் பெரும்பாலான நேரம் காற்று எஞ்சினுக்கு *உள்ளே* போகிறது, வெளியே வருவதில்லை. ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் குறையும், புளோ-பை கூடும். அப்போது மட்டும் மிச்ச வாயு அதே ஹோஸில் எதிர்த் திசையில் திரும்பி ஏர் கிளீனர் பக்கம் வரும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் எஞ்சினை ஸ்லோவில் விட்டு, ஹோஸின் ஏர் கிளீனர் பக்க முனையைக் கழற்றி, அதன் வாயில் பேருந்து டிக்கெட் அளவு மெல்லிய காகிதத்தைக் காட்டுங்கள். நல்ல எஞ்சினில் காகிதம் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். 4 கிலோமீட்டர் ஓட்டம், ஐப்பசி கார்த்திகை மழைக்காலம், ஆயில் சூடேறும் முன்பே பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. தண்ணீர் ஆவி ஆறிப்போய் ஆயிலோடு கலந்து மூடியில் படிகிறது. அந்த வெண்ணெய்க்குப் பாதிக் காரணம் இது. ஆனால் ஏர் ஃபில்டர் ஊறும் அளவுக்கு ஆயில் வருவது அந்தக் காரணத்தால் மட்டும் இல்லை. பிசிவி வால்வு அடைத்து நின்றுவிட்டால் எல்லா வாயுவும் ஹோஸ் வழியாகவே எதிர்த் திசையில் வரும், வரும்போது ஆயிலையும் தூக்கிக்கொண்டு வரும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். இல்லையென்றால் ரிங் தேய்மானம்.

முதலில் பிசிவியைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வர வேண்டும். அப்புறம் அதை அதன் ஹோஸோடு மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, வால்வின் வாயில் விரலை வையுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்ப்போம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

திருச்சித் தம்பிக்கு: அந்த லைட்டுக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வண்டியில் ஏர் கிளீனர் பெட்டிக்கு அடுத்து, குழாயின் மேலேயே வயர் செருகிய ஒரு சென்சார் இருக்கிறதா? இருந்தால் அது உள்ளே போகும் காற்றை எடை போட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். அந்தக் குட்டி பிரீத்தர் ஃபில்டர் வழியாக நுழைகிற காற்று அந்தக் கணக்கில் வருவதே இல்லை. காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று ஆகிவிடும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டால் பி0171 என்ற பிழைக் குறியீடு வரும் பாருங்கள். மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் பார்க்கிற சென்சார் உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு வராது.


கதிர் அறுப்பு, மன்னார்குடி

பட்டறைக்காரர் அண்ணன் "உள்ளே போகிறது" என்று சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் இரண்டு டிராக்டரும் ஓர் அறுவடை மெஷினும் இருக்கின்றன. தை பிறந்தால் சம்பா அறுப்பு. அந்த இரண்டு மாதம் இந்தப் பக்கம் காற்றில் என்ன மிதக்கிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதர், வைக்கோல் தூள், நெல்லின் சுணை. ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், அதன் பக்கத்தில்தான் எல்லாக் காரும் போகிறது. சுணை கழுத்தில் பட்டாலே அரிக்கும். உமியை எரித்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, மணலில் இருக்கிற அதே சரக்கு. அது ஆயிலில் கலந்தால் பேரிங்குக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான்.

மெஷினில் ஏர் கிளீனரை அறுப்புக் காலத்தில் தினமும் தட்டி ஊதுகிறோம். டிராக்டரின் பிரீத்தர் மூடியில் கம்பிவலைதான் இருக்கும், அதை ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் டீசலில் அலசுவேன். ஒருமுறை அலசிய டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றி வடிகட்டிப் பார்த்தேன். ஆற்று வண்டல் மாதிரி ஒரு படலம் நின்றது, விரலில் தேய்த்தால் நறநறத்தது. காரின் ஏர் ஃபில்டர் உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு காகித மடிப்பு. அதன் வேலையை எலுமிச்சம்பழம் அளவு துணிப்பந்து செய்யும் என்று நான் நம்பமாட்டேன். அதிலும் ஆயில் நனைந்த துணியில் தூசி ஒட்டி அடை மாதிரி ஆகிவிடும், அப்புறம் அதுவே அடைப்பு.


காவிரி மகள், திருவையாறு

எனக்கு மெக்கானிக் அறிவு கிடையாது, பட்ட அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். என் கணவர் நல்லெண்ணத்தில் எங்கள் காருக்கு இந்த ஃபில்டரைப் போட்டார். ஒரு வாரத்தில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உள்ளே பழைய ஆயிலைக் காய்ச்சிய நாற்றம். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் தெரியாது, வெளிக்காற்றுக்கு மாற்றினால் மூக்கைத் துளைக்கும். பின் சீட்டில் ஏழு மாதக் குழந்தை. தஞ்சாவூரிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

காருக்குள் வரும் காற்று கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சல்லடை வழியாகத்தான் வருகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். பானெட்டுக்குள் வெளியாகும் புகை அங்கிருந்து இரண்டு சாண் தூரம்கூட இல்லை. மறுநாளே கழற்றிவிட்டோம். குழந்தைகளை ஏற்றிப் போகிறவர்கள் இதைப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.


பட்டறைக்காரர், கும்பகோணம்

நன்றி அம்மா. அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் இருக்கும், அதற்கு நாற்றமே கிடையாது. நாற்றம் வந்து எச்சரித்தது நல்லதாகப் போயிற்று.


மலைக்கோட்டை 1200, திருச்சி

பேருந்து டிக்கெட் சோதனையை இன்று மாலை செய்து பார்த்தேன். ஃபில்டரின் மேலேயே காகிதத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுக்கிறது. எட்டு மாதமாக வெளியே மட்டும்தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் என் வண்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பனின் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஹோஸைத் திரும்ப மாட்டினால் த்ராட்டில் பாடியில் மறுபடி பிசின் சேருமே? ஆயில் ஆவி வால்விலும் கரியாகப் படியும் என்கிறார்கள். அதற்கு வழி என்ன?


பட்டறைக்காரர், கும்பகோணம்

நியாயமான கேள்வி. பெட்ரோலை இன்டேக் வாயிலேயே தெளிக்கிற எஞ்சினில், பெட்ரோலே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும், கரி பெரிதாகச் சேராது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சுகிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில்தான் கழுவ ஆள் இல்லாமல் வால்வில் கரி ஏறும். உங்களுடையது முதல் வகை. த்ராட்டில் பாடியை வருடத்துக்கு ஒருமுறை துடைப்பது அரை மணி நேர வேலை. பேரிங் போனால் எஞ்சினையே இறக்க வேண்டும். இதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேன் போடலாம், ஆனால் ஹோஸின் நடுவில். வெளியே திறந்து விடக்கூடாது.


அம்பாசிடர் மார்க் 4, மயிலாடுதுறை

பழைய வண்டிக்காரன் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், இதற்குப் பொருந்தும்.

என் அம்பாசிடரில் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பக்கவாட்டு மூடியிலிருந்து ஒரு குழாய் கீழே ரோட்டைப் பார்த்து இறங்கும். வண்டி ஓடும்போது அடியில் வீசுகிற காற்று அந்தக் குழாயின் வாயைத் தடவிக்கொண்டு போகும், அதில் ஓர் உறிஞ்சல் உண்டாகி உள்ளே இருக்கிற புகை வெளியே வரும். புதுக் காற்று உள்ளே போக, மேலே ஆயில் ஊற்றும் மூடியிலேயே கம்பிவலை. மாதம் ஒருமுறை அந்த மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உதறி, இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டுவேன். அந்த வண்டிக்கு அதுதான் பிரீத்தர் ஃபில்டர், கம்பெனியே வைத்தது.

அந்த முறையில் ஒரு குறை. வண்டி ஓடினால்தான் உறிஞ்சல். லெவல் கிராசிங்கில் கேட் போட்டு இருபது நிமிடம் ஓடவிட்டபடி நின்றால் உள்ளே ஒன்றுமே நகராது. வாடகைக்கு ஓட்டியவர்களின் எஞ்சினைப் பிரித்தால் டேப்பட் கவருக்கு அடியில் தார் மாதிரி கசடு அப்பிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் டாங்குகள் ஆழமான தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டி வந்தபோது, கீழ்நோக்கிய இந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் வாயுவை எஞ்சினுக்கே திருப்பிவிடும் மூடிய முறையைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் புகைமூட்டம் தாங்காமல் கார்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பு ஒரு கார் கக்கும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாய் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

அதாவது இன்று 450 ரூபாய் கொடுத்து மாட்டச் சொல்வது என் வண்டியில் இருக்கிற பழைய ஏற்பாட்டை. எனக்கு என் வண்டி உயிர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வண்டி என்னுடையதைவிட மேல். அதைப் பின்னால் தள்ளாதீர்கள். மழைக்காலத்தில் கொள்ளிடக்கரை ஊர்களில் ரோட்டில் தண்ணீர் நிற்பதையும் நினைத்துப் பாருங்கள்.


உப்புக்காற்று, வேதாரண்யம்

டீசல் வைத்திருப்பவர்களுக்காக. என்னுடையது டர்போ டீசல். இங்கே பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டு உறிஞ்சல் கிடையாது. புளோ-பை ஓர் ஆயில் பிரிப்பான் வழியாக டர்போவின் முன்வாய்க்குப் போகிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் உட்சுவர் லேசாக எண்ணெய் பூசியது போல இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். குழாயைச் சாய்த்தால் ஒழுகும் அளவுக்குத் தேங்கியிருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துக் கட்டுப்பாடின்றி ஓடத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

நான் இரண்டு வருடமாகக் கேட்ச் கேன் வைத்திருக்கிறேன். உள்ளே தடுப்புத் தகடும் இரும்பு நார்ப் பஞ்சும் உள்ள கேன், போகும் ஹோஸும் வரும் ஹோஸும் கம்பெனி ஹோஸின் அதே உள்விட்டம். முதலில் மலிவாகக் கிடைத்தது என்று சிறிய வாய் உள்ள கேனைப் போட்டேன். ஒரே மாதத்தில் டேப்பட் கவர் ஓரம் ஈரமானது. வாய் சிறுத்தால் அழுத்தம் ஏறும் என்பதை அப்படித்தான் கற்றேன். இப்போது மாதம் ஒருமுறை கீழ்க்குழாயைத் திறந்து வடிக்கிறேன். சித்திரையில் கறுப்பு ஆயில் வரும். கார்த்திகையில் வருவது காபி நிறத்தில் தண்ணீரும் ஆயிலும் கலந்த கூழ். வடிக்க மறக்கிறவர்கள் இதைப் போடவே வேண்டாம்.

அழுத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரை கடந்த பிறகு எங்கள் ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. தெருவுக்குப் பொதுவாக ஒரு வாடகை ஜெனரேட்டர் ஓடியது. அதன் பிரீத்தரிலிருந்து ஆயில் தெறிக்கிறது என்று யாரோ துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார்கள். சாயங்காலம் கட்டியது, ராத்திரி பதினோரு மணிக்கு முன்பக்க ஆயில் சீல் வெளியே வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது மணலில் ஆயில் பாய் விரித்த மாதிரி பரவிக் கிடந்தது. தெருவில் இருந்த ஒரே வெளிச்சமும் போனது.


புகைச் சோதனை, தஞ்சாவூர்

வாகனப் புகைச் சோதனை மையத்தில் இருக்கிறேன். "ஃபில்டர் போட்டால் சர்டிபிகேட் கிடைக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்கும். நாங்கள் குழாயைச் செருகுவது சைலன்சரில்தான். ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறோம். பிஎஸ்-4 என்ற மாசு விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். டேப்பட் கவரில் கசிவதை எங்கள் மெஷின் பார்ப்பதில்லை.

ஆனால் அதனால் அது சரியென்று ஆகிவிடாது. ஒரு மாடலுக்கு ஒப்புதல் வாங்கும்போது மூன்றாம் வகைச் சோதனை என்று ஒன்று உண்டு. எஞ்சினின் கீழ்ப்பாகமான கிராங்க் கேஸில் சேரும் வாயு கொஞ்சமும் வெளிக்காற்றில் கலக்கக்கூடாது என்பதுதான் அதன் விதி. வரம்பு என்று ஓர் அளவே இல்லை, பூஜ்யம்தான். ஹோஸைக் கழற்றிய நிமிடம் அந்த ஒப்புதலின்படி இருந்த வண்டி அப்படி இல்லாமல் போகிறது. என் மெஷினில் தேறிவிட்டது என்று சொல்லி யாரும் இதைப் போடுவதை நான் விரும்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.


வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை முழுக்க வண்டியோடுதான் இருந்தேன்.

பிசிவி வால்வைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. டேப்பட் கவரின் பின்பக்கம், ஒரு ரப்பர் வளையத்துக்குள் புதைந்திருந்தது. கழற்றி ஆட்டினேன். சத்தமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் மூடிக்கு அடியில் பார்த்த அதே வெண்ணெய், இங்கே காய்ந்து வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு விரலை வைத்தேன், இழுவை கொஞ்சமும் இல்லை. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஒரு மணி நேரம் ஊறவைத்தும் உள்ளே இருக்கும் முள் அசையவில்லை.

திங்கட்கிழமை கும்பகோணத்தில் புதிது வாங்கினேன், 380 ரூபாய். கையில் வாங்கியதும் கடையிலேயே ஆட்டிப் பார்த்தேன், கிலுகிலுவென்றது. மாட்டியபின் விரலைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஹோஸ் முனையில் காகிதமும் ஒட்டியது. மனம் நிறைந்துவிட்டது. சந்தேகம் மிஞ்ச வேண்டாம் என்று கம்ப்ரஷனும் பார்த்துவிட்டேன். நான்கு சிலிண்டரும் 175க்கும் 182க்கும் நடுவே, பிஎஸ்ஐ கணக்கில்.


பட்டறைக்காரர், கும்பகோணம்

ரிங் அருமையாக இருக்கிறது சார். இனி அந்தப் பேச்சே வேண்டாம். பழைய ஆயிலைக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள், இத்தனை நாள் ஈரத்தையும் பெட்ரோலையும் குடித்த ஆயில் அது. ஏர் கிளீனர் பெட்டியைத் துடைத்துவிட்டுப் புது ஃபில்டர் போடுங்கள், அப்போதுதான் ஆயில் மறுபடி வருகிறதா என்று தெரியும். வாரம் ஒருமுறை தஞ்சாவூர் வரையாவது நிற்காமல் ஓட்டுங்கள். கூலன்ட் முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், ஆயில் சூடேற அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் வேண்டும். அந்தச் சூட்டில்தான் தண்ணீர் ஆவியாகிப் பிசிவி வழியாகப் போகும்.

உங்களுக்கு ஃபில்டரைச் சொன்ன பட்டறைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நினைக்கவில்லை. பெட்டியில் ஆயில் வந்தால் ஹோஸைத் துண்டி என்று பலர் அப்படியே பழகிவிட்டார்கள். வால்வைக் காட்டுங்கள் அவரிடம், அடுத்த வண்டிக்கு உதவும்.


மலைக்கோட்டை 1200, திருச்சி

ஸ்கேனர் போட்டேன் அண்ணா. நினைவில் பி0171 இருந்தது. ஸ்லோவில் லாங் டேர்ம் ஃபியூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் செய்யும் பெட்ரோல் திருத்தம், 14 சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஹோஸைத் திரும்ப மாட்டி, அந்தப் பிழைக் குறியீட்டை அழித்து, நான்கு நாள் ஓட்டிவிட்டு இன்று பார்த்தால் 3 சதவீதம். கழற்றிய ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி, கதிர் அறுப்பு அண்ணன் சொன்ன மாதிரி வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். திருச்சிக்குள் மட்டுமே ஓடிய வண்டி. அப்படியும் துணியில் சாம்பல் நிறத்தில் நறநறப்பு நின்றது. முதல் பதிவில் நான் சொன்னதை நம்பி யாராவது மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

பிக்கப் கூடியது என்றேன் அல்லவா, ஹோஸை மாட்டிய பிறகும் அதே பிக்கப்தான் இருக்கிறது.


வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்

மாசி கடைசி. ஆயில் மாற்றி 900 கிலோமீட்டர் ஆகிறது. ஏர் ஃபில்டர் உலர்ந்து சுத்தமாக இருக்கிறது. டிப் ஸ்டிக்கில் அளவு நகரவில்லை. ஆயில் மூடியின் அடியில் கைக்குட்டையால் துடைத்தேன், தேன் நிற ஆயில் மட்டும் ஒட்டியது. வாரம் ஒருமுறை வீட்டாரோடு பெரிய கோயிலுக்குப் போய் வருகிறோம், எஞ்சினுக்காக ஆரம்பித்தது.


காவிரி மகள், திருவையாறு

சந்தோஷம் சார். எங்கள் காரிலும் அந்த வால்வை மாற்றலாம் என்று இருக்கிறோம், வாங்கி ஒன்பது வருடமாகிறது. கடையில் எப்படிக் கேட்பது? வேறு வண்டியுடையது பொருந்துமா?


பட்டறைக்காரர், கும்பகோணம்

பொருந்துகிற மாதிரி தெரிந்தாலும் வேறு வண்டியுடையதைப் போடாதீர்கள் அம்மா. உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் துளையும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், தப்பானதைப் போட்டால் ஸ்லோவே நிற்காது. பழைய வால்வைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள், வண்டியின் சேசிஸ் நம்பரையும் சொல்லிக் கேளுங்கள். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்பது வருட ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கும், கழற்றும்போது உடைந்து துண்டு உள்ளே விழுந்துவிடாமல் குறட்டால் மெதுவாகச் சுழற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஹோஸ் தொளதொளவென்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்க வேண்டும். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் சீக்கிரமே ஆயிலில் ஊறி உப்பி இளகிவிடும்.